பெட்டிக்குள் கேட்ட பிற்பாட்டு

சவப்பெட்டிக்குள் மல்லாந்து படுத்தபடி இவர், என் புருசன், ஏலக்காய் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஒரு கடதாசித் துண்டு விரித்து, துகள் விழாமல், மிகவும் கவனமாக.

போன வாரம் நான் பனியில் சறுக்கிக் கையை உடைத்த கதையை எழுதி, வாசகர்களிடம் தாராளமாக அனுதாபம் வாங்கிவிட்டேன். இந்த வாரம் அனுதாபம் வேண்டாம். நம்பினால் போதும். நம்பாவிட்டாலும் குறையில்லை, நானே பாதி நாள் நம்புவதில்லை.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு நவம்பர். பின்னேரம்தான், ஆனால் வெளியே நல்ல இருட்டு. ஒஸ்லோவில் ஸ்டோவ்னருக்குக் கிட்ட ஒரு பழைய சனசமூக மண்டபம். ஒத்திகைக்கு நடுவில் இடைவேளை விட்டிருந்தார்கள். எல்லோரும் கோப்பிக் குடுவையைச் சுற்றி நிற்க, இவர் மட்டும் மேடையில், பெட்டிக்குள்.

“கதிரை இல்லையே இஞ்சை?” என்று கேட்டேன்.

இவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: “இதுக்குள்ளை படுத்தா நல்லாக் கேக்குது.”

“என்ன கேக்குது?”

“தம்பியின்ரை குரல்.”

இவருடைய தம்பி ஜெறோம் காணாமல் போய் அப்போதே பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

ஒப்பெராக்காரர் ஆன விதம்

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர். ஒப்பெரா என்ற சொல்லை நான் முதன்முதல் கேட்டது ஒஸ்லோவில், அதுவும் கடலுக்குள் சரிந்து இறங்கும் அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தின் பெயராக. அதன் கூரையில் ஏறிப் படம் எடுத்திருக்கிறோம். உள்ளே போனதில்லை.

எங்களை இதற்குள் இழுத்துவிட்டவள் மகள் டிலானி. பல்கலைக்கழகப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவளை இங்கெர் என்ற ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை பிடித்துவிட்டார். இங்கெரிடம் ஒரு பொழுதுபோக்கு நாடகக் குழு இருந்தது. பல் வைத்தியர், பஸ் சாரதி, நூலகத்தில் வேலை செய்யும் இரண்டு சகோதரிகள், இப்படிப் பலவகை ஆட்கள். வருடம் ஒரு நகைச்சுவை ஒப்பெரா, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம், போடுவார்கள். அந்த வருடத்து ஒப்பெராவை இங்கெரே எழுதி மெட்டும் போட்டிருந்தார்.

கதை இதுதான். ஒரு கஞ்சக் கப்பல் முதலாளி. தான் செத்தால் வீட்டில் யார் உண்மையாக அழுவார்கள் என்று பார்க்கச் செத்தவன் போலப் பெட்டிக்குள் படுத்துக்கொள்கிறான். மனைவி, மகன், மகள் மூவரும் பொய்யாக அழுது, சொத்துக்கு அடிபட, அவன் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறான். அவ்வளவுதான். நோர்வேஜியர்கள் இதற்கு வயிறு குலுங்கச் சிரிப்பார்கள் என்று இங்கெர் உறுதியாக நம்பினார்.

முதலாளியாகப் பாட வேண்டியவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. டிலானி, எங்கள் அப்பா பாடுவார் என்று சொல்லிவிட்டாள். இங்கெர் வீட்டுக்கு வந்தார், ரோல்ஸ் சாப்பிட்டார், இவரைப் பாடச் சொன்னார். இரண்டு வரி கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார், மகன் கெவினைப் பார்த்தார். முதலாளியின் குடும்பத்தை ஒரு நிஜக் குடும்பமே நடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். இப்படியாக, முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டும் நானும், மின்சார வேலை செய்யும் கெவினும் பாடகர்களானோம்.

செய்தி எங்கள் சனத்துக்குள் பரவ எவ்வளவு நேரம். பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, உயிரோடு இருக்கிற மனிசனைப் பெட்டிக்குள் படுக்க வைக்கலாமோ பிள்ளை என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அடுத்த ஒத்திகைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் தீர்த்தம் கொண்டுபோய், ஒருவரும் பார்க்காத நேரம் பெட்டிக்குள் தெளித்துவிட்டேன்.

பிற்பாட்டு

முதல் ஒத்திகையிலேயே ஒரு பிழை விட்டோம். எங்களைத் தவிர வேறு எவரும் விடக்கூடிய பிழை அல்ல.

எங்கள் கூத்தில், நடிப்பவர் ஒரு பாட்டைப் பாடி முடித்ததும், ஓரமாக நிற்பவர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அது பிற்பாட்டு. அந்த இடைவெளியில் நடிப்பவர் மூச்சு வாங்கிக்கொள்வார். இவர் கூத்துப் பாடி வளர்ந்தவர். பிள்ளைகள் பிறந்தது ஒஸ்லோவில் என்றாலும், வீட்டில் அப்பா பாடினால் கடைசி அடியைத் திருப்பிப் பாட வேண்டும் என்பது அவர்களுக்குச் சோறு சாப்பிடுவது போலப் பழக்கம். பிறந்தநாள் பாட்டுக்குக்கூட எங்கள் வீட்டில் பிற்பாட்டு உண்டு.

முதலாளி பெட்டிக்குள் இருந்து பாடும் பாட்டின் கடைசி அடி, “என்னை யார் அழுவார்?” என்பது. நோர்வேஜிய மொழியில்தான். இவர் பாடி நிறுத்தினார். பியானோ அடுத்த இடத்துக்குப் போக, நாங்கள் மூவரும் பழக்க தோஷத்தில், “என்னை யார் அழுவார்?” என்று எடுத்துவிட்டோம்.

பியானோ நின்றது. பல் வைத்தியர் இருமினார். கெவினுக்குக் காது சிவந்துவிட்டது. இங்கெர் கை தட்டி, இது இப்படியே இருக்கட்டும் என்றார்.

அடுத்த முறை பாடும்போதுதான் அது வந்தது. இவர் பாடினார். நாங்கள் திருப்பிப் பாடினோம். நாங்கள் ஓய்ந்த பிறகு, மண்டபத்தின் பின்பக்கமிருந்தோ மேடைக்குக் கீழிருந்தோ தெரியாது, அதே அடியை இன்னொருவர் இழுத்தது போலக் கேட்டது. ஆண் குரல். சொல் தெளிவில்லை, இழுவை மட்டும். எங்களுக்கு ஒரு மூச்சுப் பிந்தி.

ஜெறோம் அப்படித்தான் பாடுவான்.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் பிள்ளைகளைக் காட்ட ஊருக்குப் போனபோது, கோயில் முற்றத்தில் அண்ணனும் தம்பியும் கூத்துப் பாடியதை நான் கேட்டிருக்கிறேன். எல்லோரும் கடைசி அடியை முடித்த பிறகும் ஜெறோம் ஒரு மூச்சுப் பிந்தி வருவான், கடைசி எழுத்தைக் கடலில் இறக்கும் வலை மாதிரி மெல்ல மெல்ல விடுவான். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அதற்காக அவனைத் திட்டினார். சனத்துக்கு அதுதான் பிடித்தது.

நான் இவரைப் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்து தலையை மட்டும் உயர்த்திக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எக்கோ அம்மா,” என்றான் கெவின் மெதுவாக. “ஹோல் காலியா இருக்கெல்லோ, அதாலை.”

நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் பல் வைத்தியர் பாடியபோது எதிரொலி இல்லை. நூலகச் சகோதரிகள் கத்தியபோதும் இல்லை.

மீன் மேசையில் ஓர் இடைவெளி

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இவர் நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. சூரியனே எழும்பாத மாதங்கள். விறைத்த கை நித்திரை கொள்ளாமல் இருக்க, மேசைக்கு முன்னால் நின்று கூத்துப் பாட்டுப் பாடுவாராம். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கத்தியை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, பிறகு அடுத்ததைத் தொடங்குவாராம்.

மேற்பார்வைக்காரி ஒருநாள் வந்து, நீ யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டாளாம். இவர் மீனைக் காட்டினாராம்.

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அதற்குப் பிறகு போர் முடிந்தது. ஜெறோம் சனத்தோடு சனமாக, இராணுவம் நின்ற பக்கம் போகப் பாலத்தில் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பக்கம் அவனைக் கண்டவர்கள் இல்லை. அன்றோடு மீன் மேசைக் கதையை இவர் நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு சுவர்கள் உண்டு. ஒன்றில் இறந்தவர்கள்: மாமா, மாமி, என் அப்பா. படங்களுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு. மற்றச் சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே, உயிரோடு இருப்பவர்கள்: பிள்ளைகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய படம், எங்கள் கலியாணப் படம், பக்கத்தில் ஜெறோம். அந்தப் படத்தை ஒட்டடை அடிக்க எடுத்தால்கூட இவர் பார்த்துக்கொண்டு நிற்பார், திரும்ப அதே ஆணியில் மாட்டுகிறேனா என்று.

நவம்பர் எங்களுக்கு ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களின் பெயர் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுப்போம். ஒவ்வொரு நவம்பரும் ஊரிலிருந்து இவருடைய அக்கா அழைத்து, தம்பிக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று கேட்பார். இவர் ஒவ்வொரு நவம்பரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: “பூசை குடுத்தா அவன் செத்துப்போனான் எண்டு நான் சொன்ன மாதிரி ஆகிடும் அக்கா.”

தொலைபேசியில் மச்சாள் மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.

நல்லாக் கேக்குது

ஒத்திகை ஒத்திகையாக அந்தக் குரல் வந்தது. ஒவ்வொரு முறையும் இல்லை. வராத நாளில் இவர் முகம் தொங்கிப் போய்விடும். வந்த நாளில் ரயிலில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்த முகம். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கவில்லை.

பிறகு இவர் எல்லோருக்கும் முந்தி மண்டபத்துக்குப் போகத் தொடங்கினார். நாங்கள் போய்ச் சேரும்போது மேடையில் விளக்கு எரியாது. பெட்டி மூடியிருக்கும். டிலானி விரலால் தட்டினால் உள்ளேயிருந்து இவரும் தட்டுவார்.

பெட்டியைச் செய்தவர் எங்கள் பஸ் சாரதி. வெளியில் கறுப்பு மைப்பூச்சு, தலைப்பக்கம் மூச்சுக்கும் சத்தத்துக்கும் துளைகள். மூடி நேரத்துக்கு முந்தித் திறக்காமல் இருக்க உட்பக்கம் ஒரு கயிற்றுப் பிடி. ஏதோ பழைய படகுக் கொட்டிலை உடைத்த பலகையாம். உள்ளே குனிந்தால் உப்பு மணக்கும். அதற்குக் காரணம் பலகைதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிய மனம் வரவில்லை.

பன் சாப்பிட்ட அன்று நான் பெட்டிக்குப் பக்கத்தில் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கெவின் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். கேட்பது நோர்வேஜியப் பாட்டின் எதிரொலி, ஜெறோமுக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதே என்றேன்.

இவர் கடதாசித் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“அவன் தமிழிலைதான் கேக்கிறான். வெளியிலை நிண்டா உமக்கு விளங்காது.”

“என்னெண்டு கேக்கிறான்?”

“என்னை ஆர் அழுவார் எண்டு.”

வெப்பக் குழாய் எங்கேயோ டிக் டிக் என்றது. நான் பயந்தவள் இல்லை, முதியோர் இல்லத்தில் செத்தவர்கள் எத்தனையோ பேரின் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். ஆனால் அன்று பயந்தேன். செத்தவனுக்கு அல்ல. இந்த மனிதர் ஒருநாள் இந்தப் பெட்டியை விட்டு எழும்ப மாட்டார் என்று பயந்தேன்.

விட்டுவிடுவோம் இந்த நாடகத்தை என்று அன்றே சொன்னேன். முதல் தடவையாக என் மேல் எரிந்து விழுந்தார். நுழைவுச்சீட்டெல்லாம் விற்றாயிற்றே என்று இங்கெருக்காகக் கவலைப்பட்டவர் போல நடித்தார்.

இங்கெருக்கு வேறு கவலை. என் அழுகை போதாதாம். மனைவி பொய்யாக அழும் இடத்தில் எங்கள் நாட்டு முறையில் பெரிதாக அழ முடியுமா என்று கேட்டார். டிலானி அவசரப்பட்டு ஒப்பாரியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். இங்கெரின் கண் மின்னியது. நான் முடியவே முடியாது என்றேன். உயிரோடு படுத்திருக்கும் புருசனுக்கு முன்னால் ஒப்பாரி வைப்பது விளையாட்டல்ல, அது வாயில் வரக்கூடாத பாட்டு என்று விளக்கினேன். இங்கெர் நல்ல மனுசி, மன்னிப்புக் கேட்டு விட்டுவிட்டார். நான் ஊ ஊ என்று குழந்தைப்பிள்ளை அழுவது போல அழுது சமாளித்தேன்.

ஞாயிறு மேடையேற்றம்

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நோர்வேஜியர், பின்வரிசைகளில் எங்கள் சனம். கோயில் வாசல் அக்காவும் வந்திருந்தார், கம்பளிக் கோட்டுக்கு மேல் செபமாலையோடு.

முதற்பாதி நன்றாகப் போனது. இவர் கஞ்ச முதலாளியாக மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கியபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இடைவேளை முடிந்து பெட்டிக் காட்சி. இவர் உள்ளே படுத்தார், மூடி மூடிக்கொண்டது. துளைகள் வழியாக அந்தப் பாட்டு வந்தது. நாங்கள் திருப்பிப் பாடினோம்.

ஒரு மூச்சுப் பிந்தி அதுவும் வந்தது. அவ்வளவு சனத்துக்கு நடுவிலும் வந்தது. எதிரொலிக்கு இனி இடமில்லை, மண்டபம் காலி இல்லையே. பின்வரிசையில் கோயில் வாசல் அக்கா திரும்பிக் கதவைப் பார்த்தது மேடையிலிருந்தே தெரிந்தது.

நாங்கள் பொய்யழுகை அழுதோம், சொத்துக்குச் சண்டை பிடித்தோம். பியானோ டம் டம் டம் என்று அடித்தது. அந்த அடிக்கு இவர் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை.

பியானோ திரும்பவும் அடித்தது. சனம் சிரித்தது, இதுவும் நாடகம் என்று. மூன்றாம் முறை அடித்தபோது இன்னும் பெரிதாகச் சிரித்தது. கெவின் அழுவது போலப் பெட்டிமேல் விழுந்து மூடியைத் தூக்கப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் கண்டேன்.

“அம்மா, அப்பா உள்ளை இருந்து இழுத்துப் பிடிச்சிருக்கிறார்,” என்று காதுக்குள் சொன்னான்.

நான் பெட்டியின் தலைப்பக்கம் முழங்காலில் விழுந்தேன். துளையில் வாயை வைத்து, “எழும்புங்கோ அப்பா” என்று இவரைக் கெஞ்சினேன். மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே எத்தனை பேருடைய மூச்சு என்று அந்த நேரம் எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பத்து வருடத்துக்கு மேலாக ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், என்னை யார் அழுவார் என்று. நாங்கள் அவனை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். நெஞ்சில் அடித்துக்கொண்டு தொடங்கினேன். புருசனுக்கு இல்லை.

*பெட்டி செய்து வைச்சிருக்கு என்ரை ராசா – அதிலை*
*படுக்க நீ வரேல்லையே ஜெறோமே*
*கட்டி அழ உடம்பில்லை என்ரை ராசா – உன்ரை*
*கண்ணை மூடக் கையில்லையே ஜெறோமே*

முன்வரிசை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. பின்வரிசை சிரிக்கவில்லை. நான் நிறுத்திய இடத்தில் டிலானியும் கெவினும் பழக்கத்தில் கடைசி அடியை எடுத்தார்கள். அதற்குள் கோயில் வாசல் அக்கா எழும்பி நின்று தன் குரலில் இழுத்தார். அவரைத் தொடர்ந்து இன்னொரு பெண், பிறகு இன்னொருவர். அவர்களில் யாருக்கும் ஜெறோமைத் தெரியாது. அவரவர் வீட்டில் அவரவருக்கு ஒரு ஜெறோம் இருந்தான்.

முன்வரிசைச் சிரிப்பு மெல்ல அடங்கியது.

மூடி திறந்தது. இவர் எழும்பி உட்கார்ந்தார். முகமெல்லாம் நனைந்து, செத்தவன் வேசத்துக்குப் பூசிய மா வழிந்து, கையில் கயிறு சுற்றிச் சிவந்த தடம். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போலச் சனத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீர் அழுததைக் கேட்டிட்டான்,” என்றார். “போயிட்டான்.”

சனம் எழுந்து நின்று கை தட்டியது. இங்கெர் பியானோவுக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மிச்சக் காட்சியை எப்படி முடித்தோம் என்று எனக்கு நினைவில்லை. கடைசிப் பாட்டில் இவர் அந்த அடியைத் திரும்பவும் பாடினார், நாங்கள் திருப்பினோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், இவர் தொலைக்காட்சிக்கு மேலிருந்த படத்தை எடுத்தார். இறந்தவர்களின் சுவரில் ஆணி அடிக்கக் கெவினைக் கூப்பிட்டார். பிறகு ஊரில் இருக்கும் தன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஜெறோமின் பூசை

நவம்பர் முடிவதற்குள் பூசை ஒப்புக்கொடுத்தோம். தமிழ்ப் பூசை நடக்கும் அந்தக் கோயிலில், ஈரக் கோட்டு மணத்துக்கும் சாம்பிராணிக்கும் நடுவில், சுவாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். ஜெறோமின் பெயர் நடுவில் வந்தது. இவர் அசையாமல் நின்றார். என் கை மட்டும் இவருடைய கைக்குள் நசுங்கியது.

தியானப் பாட்டை இவரைப் பாடச் சொன்னார்கள். இவர் பாடினார். நானும் பிள்ளைகளும் கடைசி அடியைத் திருப்பிப் பாடினோம். பாடி ஓய்ந்தோம். இவர் பழக்கத்தில் ஒரு மூச்சு பொறுத்தார். ஓர்கன் வாசித்த பெடியனும் என்னவோ தெரியாமல் பொறுத்தான்.

அப்போது அந்த அடி திரும்பவும் வந்தது. ஒரு மூச்சுப் பிந்தி, கடைசி எழுத்தை மெல்ல மெல்ல விட்டு.

டிலானி என் சேலையைப் பிடித்தாள். நான் மெதுவாகத் திரும்பி இவருடைய வாயைப் பார்த்தேன்.

வாய் அசைந்துகொண்டிருந்தது. தம்பியின் பிற்பாட்டை இவர்தான் பாடினார்.